முதல் பந்தியில் ஒரு வல்லரசு

ஆக்லாந்து விமான நிலையத்தில் என் நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலைத் திறந்து பார்த்த அதிகாரி, "இது முளைக்குமா?" என்று கேட்டார். திருநெல்வேலி வெயிலில் காய்ந்து, உப்பில் ஊறி, மிளகாய்ப் பொடியில் புரண்ட பிறகு எது முளைக்கும் என்று பதில் கேள்வி கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சொன்னதற்கு நன்றி" என்று திருப்பிக் கொடுத்தார். எனக்கு முன்னால் நின்ற இளைஞர் பைக்குள் ஒரு ஆப்பிளைச் சொல்லாமல் வைத்திருந்ததற்காக ஓரமாக நிறுத்தப்பட்டிருந்தார்.

என்ன கொண்டு வருகிறீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள், நாங்கள் திறந்து பார்ப்போம் என்பது இந்த நாட்டின் வழக்கம். எனக்கு அது பிடித்துப் போயிற்று. ஏனென்றால், யாருமே எதையும் திறந்து பார்க்காத ஒரு வழக்கத்தைத் திட்டித் தீர்ப்பதற்காகத்தான் நான் அங்கே போயிருந்தேன்.

நான் சென்னையில் வர்த்தகச் சட்டம் பார்க்கும் வழக்கறிஞர். உலக நாடுகள் கூடி வியாபார விதிகளைப் பேசும் அமைப்பில், ஒரு நாடு "நான் வளரும் நாடு" என்று தானே சொல்லிக்கொண்டால் போதும். விதிகளுக்குக் கட்டுப்படக் கூடுதல் அவகாசம் கிடைக்கும், வரிக் குறைப்பில் தாராளம் காட்டுவார்கள். வேறு சில சர்வதேச அமைப்புகளிலும் இந்தப் பெயருக்கு வெவ்வேறு சலுகைகள் உண்டு. நிலவின் மறுபக்கத்தில் கலம் இறக்கிய சீனாவும் இன்றுவரை அந்தப் பெயரோடுதான் உட்கார்ந்திருக்கிறது. அதை எந்தச் சர்வதேச அமைப்பும் வளரும் நாடாக நடத்தக்கூடாது, அந்தப் பெயரை நீக்க அமெரிக்க அதிகாரிகள் எல்லா இடத்திலும் பாடுபட வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். சீனாவோ, இனிமேல் புதிய சலுகை கேட்க மாட்டோம், ஆனால் பெயரை விடமாட்டோம் என்றது. இதைப் பற்றிய கருத்தரங்குக்குத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மசோதாவின் பக்கம் நின்று பேசுவது என் வேலை.

நம் நாடும் அதே பெயரோடுதானே இருக்கிறது என்று நீங்கள் கேட்க வருவது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள், அதையும் கேட்டார்கள்.

வெளியே வசந்தி நின்றாள். சட்டக் கல்லூரியில் என் பக்கத்து இருக்கை. யாழ்ப்பாணத்திலிருந்து சண்டைக்குத் தப்பிச் சென்னைக்கு வந்து படித்தவள், பிறகு இங்கே வந்து சட்டத்தை மறந்து ஒரு மருத்துவமனையின் சம்பளப் பிரிவில் வேலை பார்க்கிறாள். ஆக்லாந்திலேயே மவுண்ட் ரோஸ்கில் பகுதியில் வீடு. என்னைக் கட்டிப்பிடித்த வேகத்தில் ஊறுகாய் பாட்டில் இருக்கும் பையைத்தான் முதலில் வாங்கிக்கொண்டாள்.

"குளிச்சிட்டு வா, இடியப்பம் அவிச்சு வைச்சிருக்கிறன். உன்னட்ட ஒரு வேலை இருக்கு."

இடியப்பத்துக்குச் சொதி, தேங்காய்ச் சம்பல். சென்னையில் நாங்கள் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டுச் சாப்பிடுவதைப் பார்த்து விடுதியில் இவள் முகம் சுளித்தது நினைவுக்கு வந்தது. இப்போது சம்பலின் காரத்தில் எனக்குக் கண்ணீர் வந்தபோது அவளுக்கு அவ்வளவு திருப்தி. அவளுடைய மகள் எதிரே உட்கார்ந்து, அம்மா தமிழில் கேட்ட எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

வேலை இதுதான். வசந்தி அங்குள்ள தமிழ்ச் சங்கம் ஒன்றின் செயலாளர். மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை வாடகைக் கூடம் ஒன்றில் எல்லோரும் சேர்ந்து சமைத்துப் பந்தி போடுகிறார்கள். யாழ்ப்பாணத்தார், தமிழ்நாட்டார், ஒன்றிரண்டு மலேசியா, சிங்கப்பூர் குடும்பங்கள் என்று கலவையான கூட்டம்.

"புதுசா வாற குடும்பம் முதல் பந்தியில இருக்கும்," என்றாள் வசந்தி. "சமைக்கத் தேவையில்லை, பரிமாறத் தேவையில்லை, பாத்திரம் கழுவத் தேவையில்லை. வேலை தேடி, வீடு தேடி களைச்சுப் போய் வாற சனம், கொஞ்ச நாள் இருந்து சாப்பிடட்டும் எண்டு வைச்ச வழக்கம். பிறகு ஒரு நாள் பழைய ஆக்கள் ஆராவது சாம்பார் வாளியை அவையின்ர கையில குடுப்பினம். வாங்கினால், அண்டையில இருந்து அவையும் வீட்டுக்காரர். பிறகு கடைசிப் பந்திதான்."

"நல்ல வழக்கம்தானே?"

"நல்ல வழக்கம்தான். ஆனா மணியம் எண்டு ஒரு மனிசன் இருக்கிறார். மலேசியாக்காரர். கிளென்ஃபீல்டில பெரிய வீடு, கார் திருத்துற கராஜே மூண்டு வைச்சிருக்கிறார். என்ர மகள் பிறக்க முதலே இஞ்ச வந்த ஆள், அவள் இப்ப கார் ஓடப் பழகிறாள். இண்டைக்கும் மனிசன் முதல் பந்தி!"

"வாளி கொடுத்துப் பார்க்கவில்லையா?"

"இந்தியன் ஆக்கள் குடுத்தவை. அவர் வாங்கேல்லையாம். கோமு, நீ ஒரு நாட்டின்ர பேரையே எடுக்கிற சட்டம் கதைக்க வந்தனி. ஒரு மனிசன்ர பேரை எடுக்க நாலு வரி எழுதித் தர மாட்டியா?"

எனக்கு உற்சாகம் பொத்துக்கொண்டு வந்தது. நான் பேச வந்த விஷயம் அப்படியே சின்ன அளவில், சாம்பார் மணத்தோடு, சாப்பாட்டு மேசைக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. பயணக் களைப்பெல்லாம் போய்விட்டது. இனி எந்தக் குடும்பமும் தன்னைத் தானே புதுக் குடும்பம் என்று சொல்லிக்கொள்வது செல்லாது, வசதி பெற்றுவிட்ட குடும்பத்துக்கு முதல் பந்தி கிடையாது, அத்தகைய குடும்பத்தின் பெயரைப் பொதுக்கூட்டத்தில் வாசித்து நீக்கலாம் என்று ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்தேன். அமெரிக்க மசோதாவைவிடச் சுருக்கம், காரம் கூடுதல். வசந்தி அதை வாசித்துவிட்டு, "ஐயோ, இதுக்குப் பிறகு மனிசன் தலை நிமிரவே மாட்டார்" என்று கை தட்டினாள். உடனே கைபேசியில் சங்கத்தார் எல்லோருக்கும் அனுப்பியும் விட்டாள்.

மறுநாள் கருத்தரங்கு. நான் நன்றாகப் பேசினேன். இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. ஊறுகாய் பாட்டில் கதையோடு தொடங்கினேன், சிரித்தார்கள். தன் நிலையைத் தானே அறிவிக்கும் உரிமை ஏழை நாட்டுக்குக் கவசம், பணக்கார நாட்டுக்கு முகமூடி என்று சொன்னேன், குறித்துக்கொண்டார்கள். கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, "உங்கள் நாடு?" என்றார்.

"எங்கள் நாட்டில் கோடிக்கணக்கான பேருக்கு இன்னும் அவகாசம் தேவை. தேவை இல்லாத நாள் வரும்போது நாங்களே அந்தப் பெயரை விட்டுவிடுவோம்" என்றேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு சீன ஆய்வாளர், "அதையேதான் நாங்களும் சொல்கிறோம்" என்றார். அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் கொஞ்சம் சுட்டது.

மதியத்துக்கு வெள்ளரிக்காய் சாண்ட்விச். வெள்ளரிக்காயை இவ்வளவு மெல்லியதாகச் சீவுவதற்கு ஒரு பொறுமை வேண்டும், அதைச் சாப்பிட்டு வயிறு நிறைந்ததாக நினைப்பதற்கு இன்னும் பெரிய பொறுமை வேண்டும். பக்கத்தில் பசிபிக் தீவு நாடு ஒன்றிலிருந்து வந்திருந்த ஒரு பெண் அதிகாரி உட்கார்ந்திருந்தார். கொண்டையில் ஒரு பெரிய பூ. எங்கள் ஊர்க்காரி போல இருக்கிறாரே என்று எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. "எங்களையும் ஒரு ஏழை நாட்டுப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள்," என்றார் அவர். "எல்லோரும் வாழ்த்துச் சொன்னார்கள். அதற்குப் பிறகு யாரும் எங்களைக் கூப்பிட்டு எங்கே உட்காருகிறீர்கள் என்று கேட்கவில்லை." நான் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு இரண்டாவது சாண்ட்விச்சை எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை வசந்திக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமைப் பந்திக்கு வேண்டிய சாம்பார் வாளி கிளென் ஈடனில் திவ்யா வீட்டில் இருக்கிறது, யாராவது போய் எடுத்து வர வேண்டும் என்றாள். நான் போகிறேன் என்றேன். புது ஊரில் பஸ்ஸில் தனியாகப் போய் வராவிட்டால் அந்த ஊருக்குப் போனதாகவே நான் கணக்கு வைப்பதில்லை. வசந்தி வழி சொன்னாள். பாதியைத்தான் கேட்டேன்.

போகும்போது ஒரு பிசகும் இல்லை. இங்கே இறங்குகிற ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள்கூட. சென்னையில் ஓடும் பஸ்ஸிலிருந்து குதித்துப் பழகிய எனக்கு, பஸ் நின்ற பிறகு இறங்கியதும் அல்லாமல் நன்றியும் சொல்ல வேண்டியிருந்தது வேடிக்கையாக இருந்தது. உரக்கச் சொன்னேன்.

திவ்யா கோயம்புத்தூர்ப் பெண். கணவன் மனைவி இருவரும் ஐ.டி. வேலை. சூடாக வாழைக்காய் பஜ்ஜி போட்டுக் கொடுத்தாள். தீர்மானத்தைப் படித்திருந்தாள்.

"மணியம் அண்ணா நல்லவருங்க. அரிசி மூட்டையெல்லாம் அவரேதான் கொண்டாந்து எறக்குவாரு. ஆனா வாளிய மட்டும் வாங்க மாட்டேன்னுட்டாராம்ங்க."

"யாரிடம்?"

"ஸ்ரீலங்காக்காரங்க கொடுத்தாங்களாம்ங்க. இன்னும் ரெண்டு பஜ்ஜி வைக்கட்டுங்களா?"

ஏதோ இடித்தது. ஆனால் பஜ்ஜி சூடாக இருந்தது, வெளியே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். நல்ல கனமான எவர்சில்வர் வாளி, விளிம்பில் சங்கத்தின் பெயர் பொறித்தது. நம் ஊரில் கல்யாணச் சீர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது போலவே வெட்டியிருந்தார்கள்.

திரும்பும்போது ரயிலில் வரலாம் என்று பார்த்தால், பாதையில் வேலை நடப்பதால் ரயிலுக்குப் பதில் பஸ் விட்டிருந்தார்கள். அது என்னை நகர நடுவில் இறக்கிவிட்டது. அங்கே அடுத்த பஸ்ஸில் ஏறினேன். பக்கத்து இருக்கையில் இருந்த மூதாட்டி என் மடியில் இருந்த வாளியைப் பார்த்து, "வீடு ஒழுகுகிறதா, கண்ணே?" என்று இரக்கத்தோடு கேட்டார். இல்லை, இது சாப்பாட்டுக்கு என்றேன். "எல்லாம் உங்களுக்கா?" என்றார். விளக்கி முடிப்பதற்குள் பஸ் ஒரு பெரிய பாலத்தின்மேல் ஏறிவிட்டது. இரண்டு பக்கமும் கடல், பாய்மரப் படகுகள், கண்ணைப் பறிக்கும் காட்சி. மவுண்ட் ரோஸ்கில் போகிற வழியில் கடலும் இல்லை, பாலமும் இல்லை என்பது காட்சியை ரசித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

கிளென்ஃபீல்ட் கடைவளாகத்துக்கு எதிரே இறங்கினேன், நன்றி சொல்லிவிட்டுத்தான். மழை சாய்ந்து அடித்தது. கைபேசியில் உயிர் இல்லை. சேலைக் கொசுவத்தை ஒரு கையிலும் வாளியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு நிறுத்தத்தில் நின்றேன். ஒரு பெரிய கார் என்னைத் தாண்டிப் போய், நின்று, பின்னாலேயே வந்தது. கண்ணாடி இறங்கியது.

"அம்மா, அது நம்ம சங்கத்து வாளி இல்ல? இங்க என்னா பண்றீங்க நீங்க? பசியாறியாச்சா?"

தலை நரைத்த, கட்டுமஸ்தான மனிதர். வசந்தி வீட்டுக்குப் போக வேண்டும், பஸ் மாறி வந்துவிட்டேன் என்றேன். அவர் இறங்கி வந்து எனக்குக் குடை பிடித்தார், கதவைத் திறந்துவிட்டார், காரின் பின்பெட்டியையும் திறந்தார். வாளியை மட்டும் கை நீட்டி வாங்கவில்லை. "நீங்களே வச்சிருங்கம்மா" என்றார். மழையில் ஒரு பெண் கனமான வாளியோடு தடுமாறுகிறாள், குடை பிடிக்கத் தெரிந்த மனிதருக்கு இது தெரியவில்லையே என்று எரிச்சலாக வந்தது.

கார் நகர்ந்ததும் தன் பெயர் மணியம் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கைப்பையில் தீர்மானத்தின் நகல் இருந்தது.

"நாளைக்கு என்னைப் பத்தி ஏதோ தீர்மானமாம்லா," என்றார் அவர், சாலையைப் பார்த்தபடி. "ஊர்லருந்து ஒரு வக்கீலம்மா வந்து எழுதிக் கொடுத்தாங்களாம்."

மறைத்துப் பேசுவது எனக்கு வராது. "அந்த வக்கீலம்மா நான்தான்" என்றேன்.

அவர் ஒரு கணம் திரும்பிப் பார்த்தார். பிறகு காரே குலுங்குகிற மாதிரி சிரித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ரெண்டு தடவ படிச்சேன்."

 நான் நேராகவே கேட்டுவிட்டேன். "வாளியை ஏன் வேண்டாம் என்றீர்கள்?"

"யார் கொடுத்தா, நான் வேணாம்னு சொல்றதுக்கு?"

துடைப்பான் கண்ணாடியில் போய்ப் போய் வந்தது.

"ஆரம்பத்துல நானே அடுப்பாங்கர பக்கம் போனேன்மா. ஸ்ரீலங்கா ஆளுங்க, 'அண்ணை, நீங்க இருங்கோ'ன்னாங்க. இந்தியா ஆளுங்க, 'அண்ணே, நீங்க உக்காருங்க'ன்னாங்க. மரியாதையாத்தான் சொன்னாங்க. வாளிய யாரோ கையில கொடுக்கணும், நாமளா எடுக்கக் கூடாதுன்னு தெரியும். சரி, கொடுப்பாங்கன்னு உக்காந்தேன். எனக்குப் பின்னாடி வந்தவங்களுக்கெல்லாம் கொடுத்தாங்க. என் சம்சாரம் லெட்சுமி நல்லா சமைக்கும்லா. எத்தன வருசத்துக்கு விருந்தாளியா போயி உக்காருறதுன்னு கேட்டுச்சு, அப்பறம் வரதையே நிறுத்திருச்சு. நான் அரிசிய எறக்கிட்டு உக்காந்துட்டு வருவேன்."

அப்போதுதான் எனக்குப் பஜ்ஜி வேளையில் இடித்தது எதுவென்று புரிந்தது. யாழ்ப்பாணத்தார் இந்தியர்கள் கொடுத்ததாக நினைத்தார்கள். இந்தியர்கள் யாழ்ப்பாணத்தார் கொடுத்ததாக நினைத்தார்கள். வாளி கொடுக்கிற பழைய ஆட்களில் மலேசியாக்காரருக்குத் தன் ஆள் என்று யாரும் இல்லை. மூன்றாவது ஆள் சொல்லக் கேட்ட பேச்சை நீதிமன்றத்தில் யாராவது சாட்சியம் என்று கொண்டுவந்தால் பாய்ந்து எழுகிற நான், சொதி ருசியில் அதை அப்படியே விழுங்கித் தீர்மானம் எழுதியிருக்கிறேன். என்மேலேயே எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

"நாளைக்கு வருவீர்களா?"

"வருவேன்மா. எழுதுனத வாசிக்கட்டும். கேட்டுட்டு, சாப்ட்டுட்டு வந்துருவேன். அதோட சரி, அப்பறம் போக மாட்டேன்."

வசந்தி வேலை முடிந்து வந்ததும் பிடித்துக்கொண்டேன். வாளியை அவருக்கு யார் கொடுத்தது, பெயரைச் சொல் என்றேன். இந்தியன் ஆக்கள் என்றாள். எந்த இந்தியன் என்றேன். திவ்யாவைக் கூப்பிட்டாள். திவ்யாவோ, உங்கள் ஆட்கள் இல்லையா என்றாள். வசந்தி இன்னும் இரண்டு பழைய குடும்பங்களைக் கூப்பிட்டாள். எல்லோரும் இன்னொருவரைக் கை காட்டினார்கள். கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சோபாவில் சாய்ந்தாள். முகம் சிறுத்துவிட்டது.

"தீர்மானத்தை எடுத்துவிடு," என்றேன்.

"எல்லாருக்கும் அனுப்பியாச்சு. இப்ப எடுத்தால் ஏன் எண்டு கேப்பினம். கூட்டத்தில எழும்பி, இவ்வளவு காலமா எங்களுக்கு ஒரு மனிசனைத் தெரியேல்லை எண்டு சொல்லச் சொல்றியா? என்னால ஏலாது, கோமு."

"அவர் நாளையோடு வரமாட்டார்."

வசந்தி எழுந்து போய் வாளியைத் தேய்க்க ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. நீள மேசைகள், மடக்கு நாற்காலிகள், வாழை இலை அச்சடித்த காகிதம். சமையலறையில் யாழ்ப்பாணமும் கொங்கும் சென்னையும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு வெங்காயம் நறுக்கின. சாம்பாருக்குப் பெருங்காயம் போதாது என்று ஒரு சண்டை, போதும் என்று ஒரு சண்டை. ஆனால் எல்லோரும் கொஞ்சம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். தீர்மானத்தை எல்லோரும் படித்திருந்தார்கள், மணியம் வந்திருப்பதையும் பார்த்திருந்தார்கள்.

முதல் பந்தியில் என்னையும் உட்கார வைத்தார்கள். எனக்கு ஒரு பக்கம் போன மாதம் வந்திறங்கிய ஒரு மாணவர் குடும்பம், மறு பக்கம் மணியம். சலவை வேட்டி, வெள்ளைச் சட்டை. காகித இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சோறு வந்தது, பொரியல் வந்தது. சாம்பார் வாளியோடு வசந்தி வந்தாள்.

மாணவருக்கு ஊற்றினாள். அவர் மனைவிக்கு ஊற்றினாள். எனக்கு ஊற்றினாள். மணியத்துக்கு முன்னால் வந்து நின்றாள், நின்றபடியே இருந்தாள். பின்னால் பொரியல் தூக்கோடு வந்த திவ்யா மோதாமல் நின்றாள். அடுத்த மேசையில் பேச்சு அடங்கியது. 

"அண்ணை," என்றாள் வசந்தி.  "எனக்குக் கை நோகுது. இதை ஒருக்காப் பிடியுங்கோ."

வாளியை நீட்டினாள். மணியம் வாளியைப் பார்த்தார், பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். எதற்கு என்று கேட்டிருந்தால் எல்லாம் அங்கேயே உடைந்திருக்கும். அவர் கேட்கவில்லை. நாற்காலியைத் தள்ளி எழுந்து, சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வசந்தி முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி சமையலறைக்குள் போய்விட்டாள். என் கண்ணும் நனைந்துவிட்டது, அதை நான் சம்பலின் தலையில் போட முடியாது.

அந்த மனிதர் பரிமாறின அழகைச் சொல்ல வேண்டும். ஓட்டமும் நடையுமாக மூன்று பந்திக்கும் ஊற்றினார். போதும் என்று கை மறித்தவர்களை எல்லாம், "என்னா சாப்பாடுலா இது" என்று அதட்டினார். என்னிடம் திரும்பி வந்தபோது நானும் இலையை மறைத்தேன். "கைய எடுங்கம்மா. நீங்க புது ஆளு, நல்லா சாப்புடணும்" என்று குழம்பை இலையின் விளிம்பு தாண்ட ஊற்றினார். என் சேலையில் இன்னும் அந்தக் கறை இருக்கிறது.

கூடத்தை நேரத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதால், பரிமாறினவர்கள் சாப்பிடுவதற்கு முன்னாலேயே கூட்டத்தை வைத்தார்கள். அந்தத் தீர்மானம் வந்ததும் வசந்தி, "இது இனித் தேவையில்லை எண்டு நினைக்கிறன்" என்றாள். "ஏன்? அம்மா சிரமப்பட்டு எழுதியிருக்காங்க, வாசிங்க" என்றார் மணியம், வாளியைக் கீழே வைக்காமலே. சிரிப்பு வெடித்தது. பெயர் வாசித்து நீக்கலாம் என்ற வரியை நானே எழுந்து எடுத்துவிட்டு, வேறு ஒரு வரியைச் சொன்னேன்: ஒரு குடும்பம் வந்து ஓராண்டு ஆனதும், யார் வாளி கொடுப்பது என்பதைச் செயலாளரே பெயர் சொல்லி முடிவு செய்ய வேண்டும். முதலில் தூக்கிய கை மணியத்துடையது.

சீனாவையும் மணியத்தையும் ஒன்றாக்கி நான் கதை விடப்போவதில்லை. அந்த மசோதாவின் நோக்கம் சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், எங்கே கேட்டாலும் சொல்லுவேன். ஆனால் கொண்டையில் பூ வைத்த அந்த அதிகாரியின் பேச்சுக்கு நான் பதில் சொல்லாமல் சாண்ட்விச் எடுத்துக்கொண்டேன் அல்லவா, அவருக்கு அன்று மாலையே ஒரு நீண்ட மின்னஞ்சல் எழுதினேன். எழுந்திருக்கச் சொல்லிச் சட்டம் எழுதுகிறவர்கள் எழுந்தவர் அடுத்து எங்கே நிற்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுத வேண்டும், இனி அதையும் சேர்த்தே பேசுவேன் என்று.

கூட்டம் முடிந்து தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனேன். பரிமாறினவர்கள் நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மணியம் ஆறிப்போன சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். தொட்டுக்கொள்ள என் நார்த்தங்காய். கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு மனைவியோடு பேசினார்.

"லெட்சுமி, எனக்கு இன்னிக்குச் சாம்பாரே கெடைக்கல. நான் வரதுக்குள்ள தீந்துபோச்சு," என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "அடுத்த மாசம் நீயும் வந்துரு. உக்கார வேண்டியது இல்ல."